இருவர் உழைத்தும் ஏன் போதவில்லை?

(இளம் குடும்பங்களுக்கான கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். துணி துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கல்யாணம் முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்களைத்தான் இன்று அழைத்தோம். அதற்குக் காரணம் இருக்கிறது. அண்மைக் காலமாகக் கமிட்டிகளுக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இளம் குடும்பங்களுடையவை. வாரக் கடன் கட்ட முடியவில்லை என்று வருகிறார்கள். தாலிக்கொடி அடகில் மூழ்கப் போகிறது என்று வருகிறார்கள். புருஷன் கொழும்புக்குப் போய் மூன்று மாதமாகக் காசு அனுப்பவில்லை என்று அழுதுகொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், ஏன் காணுதில்ல?"

ஊரில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியாது, போனும் உடுப்பும் வாங்கியே காசைக் கரைக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் அந்தப் பதிலை ஏற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்கவில்லை என்கிறோம். அதே கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து போடுவோம்.

சம்பளச் சபை 2024இல் தீர்மானித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. இருவரும் மாதம் 25 நாள் வேலை செய்தால் 50 'பேர்' விழ வேண்டும். அதாவது 67,500 ரூபா. பத்திரிகையில் செய்தி படித்தவர்களும் தொலைக்காட்சியில் பேசியவர்களும் இந்தத் தொகையைத்தான் மனதில் வைத்துப் பேசினார்கள்.

இனி நம்முடைய காம்பிராவுக்கு வருவோம். தங்கச்சி 22 நாள் மலைக்குப் போகிறாள். அதில் 4 நாள் கேட்ட கிலோவுக்குக் கொழுந்து வரவில்லை, அரைப் பேர்தான் போட்டார்கள். ஆக அவளுக்கு 20 பேர், 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 ரூபா போனால் மிச்சம் 24,840. தம்பிக்கு அந்த மாதம் வேலை கொடுத்தது 21 நாள். 28,350 ரூபாவில் 2,268 கழிந்து 26,082. இரண்டையும் கூட்டினால் 50,922 ரூபா.

தீபாவளி முற்பணம் ஆளுக்கு 20,000 எடுத்து, பத்து மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4,000 போகிறது. மரண உதவிச் சங்கம், தேயிலைத் தூள், சந்தா என்று சின்னச் சின்ன வெட்டுகள் இருவருக்கும் சேர்த்து 1,500. வீட்டு வாசலுக்கு வரும் வாரக் கடனுக்குக் கிழமைக்கு 1,200 வீதம் 4,800. மிச்சம் 40,622. கணவன், மனைவி, மாமியார், ஒரு பிள்ளை என்று நான்கு வயிறு. அரிசி 30 கிலோ, 230 ரூபா வீதம் 6,900. தேங்காய் 20, ஒன்று 180 என்று பார்த்தால் 3,600. இப்போது மிச்சம் 30,122.

அதை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஆயிரம் ரூபா. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 250 ரூபா. மா, சீனி, பருப்பு, கருவாடு, எண்ணெய், கரண்ட் பில், பஸ் காசு, மருந்து, நல்லது கெட்டதுக்கு மொய் எல்லாம் இதற்குள்தான். 400 கிராம் பால்மா பக்கெட் ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ரூபா. பிள்ளைக்கு அதை வாங்குகிற அன்று அந்த வீட்டின் ஒரு நாள் காசு முழுதும் போய்விடுகிறது. இந்தக் கணக்கில் போனும் உடுப்பும் எங்கே இருக்கின்றன என்று பெரியவர்களிடம் நீங்களே கேளுங்கள்.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்ப்போம். 50 பேர் விழ வேண்டிய வீட்டில் 41 பேர்தான் விழுந்திருக்கிறது. குறைந்தது ஒன்பது பேர். ஒன்பதை 1,350 ஆல் பெருக்கினால் 12,150 ரூபா. ஒரு மாத அரிசிக் காசும் வாரக் கடன் காசும் சேர்ந்தாலே 11,700 தான். அந்த ஒன்பது பேரும் விழுந்திருந்தால் கடன்காரர் வாசலுக்கு வரவேண்டிய தேவையே இருந்திருக்காது.

நாம் இத்தனை காலமும் நாட்சம்பளத்தின் தொகைக்காகப் போராடினோம். அது நியாயமான போராட்டம். ஆனால் அந்தத் தொகையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும் வழிகளும் கூடவே வளர்ந்தன. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று சொன்னார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30 என்று மிச்சத்தை நிபந்தனைகளில் கட்டிப் போட்டார்கள். 2019இல் அடிப்படை 700 ஆனது, அந்தக் கொடுப்பனவுகளில் விலைப் பங்கு 50 மட்டும் மிஞ்சியது. 2021இல் சம்பளச் சபை மூலம் 1,000 ரூபா வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் கேட்கும் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். அதே வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதால் மலையில் கொழுந்தும் குறைந்தது. கொழுந்து குறைந்தாலும் கிலோ குறையவில்லை. அடுத்த வருடம் நாடே வங்குரோத்தானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. நம்முடைய 1,000 ரூபா மட்டும் 2024 வரை அப்படியே இருந்தது. இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் கல்யாணம் முடித்தது அந்த வருடங்களில்தான். குடும்பம் தொடங்கும்போதே கடனோடு தொடங்கினீர்கள். அது உங்கள் ஊதாரித்தனத்தால் வந்ததல்ல.

ஆகவே சங்கம் இனி இரண்டையும் சேர்த்தே கேட்கும். நாளுக்கு எவ்வளவு என்று கேட்போம். மாதத்துக்கு எத்தனை பேர் என்றும் கேட்போம். வேலைக்கு வந்தவருக்கு அரைப் பேர் போடுவதை நிறுத்த வேண்டும். மலையின் நிலையைப் பார்க்காமல் கிலோவை நிர்ணயிக்கக் கூடாது. நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மனம்போன போக்கில் கிலோ கழிப்பதை ஏற்க மாட்டோம். மாதம் 25 நாள் வேலை உறுதி செய்யப்பட வேண்டும்.

இதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்துப் பேச வேண்டுமானால் எங்கள் கையில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு சாதாரணக் கொப்பி வாங்குங்கள். திகதி, ஒவ்வொரு நிறுவையின் கிலோ, கழித்த கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்று அன்றன்று மாலையில் எழுதுங்கள். வேலைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் அதையும் எழுதுங்கள். பத்தாம் திகதி சம்பளத் துண்டு வந்ததும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தோட்டத் தலைவரிடம் இரண்டையும் கொண்டு போங்கள். வாயால் சொன்னால் "ஞாபகப் பிசகு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுதி வைத்த கொப்பி பத்து வீட்டிலிருந்து ஒரே மாதிரி வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இனி வீட்டுக்குள் இருக்கும் சில விஷயங்கள். உரிமையோடு சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, இரண்டு துண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மனைவியின் சம்பளத்தைப் புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது, அதுவும் போராடித்தான் கிடைத்தது. அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்று உழைத்தவளுக்கே தெரியாமல் இருப்பது நியாயமா? தம்பிமாரே, கவ்வாத்து வேலையும் புல்வெட்டும் முடித்து நீங்கள் மதியத்துக்குப் பின் வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். தங்கச்சி கடைசி நிறுவை முடிந்து நாலரைக்குப் பிறகு வந்துதான் அடுப்புப் பற்ற வைக்கிறாள். தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவிலிருந்து தூக்கி வருவதும் ஆண்பிள்ளைக்கு இழுக்கான வேலையல்ல. அவளுக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால் அடுத்த நாள் ஒரு முழுப் பேர் விழும். தவறணையில் விடுகிற காசுக்கும் இதே கணக்குத்தான். அரைப் போத்தலை எத்தனை கிலோ கொழுந்தால் அடைக்க வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, வாரக் கடன். நமக்குச் சம்பளம் மாதம் ஒரு தடவை. கடன்காரர் வருவது கிழமைக்கு ஒரு தடவை. முதல் கிழமைத் தவணையைச் சம்பளத்தில் கட்டுகிறோம். மூன்றாம், நாலாம் கிழமைத் தவணையை இன்னொரு கடனில்தான் கட்டுகிறோம். இந்தப் பொறியில் விழுந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் விழுந்தார்கள். மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள், 50,000 ரூபாவுக்கு 1,200 வீதம் 52 வாரம் கட்டினால் 62,400 ஆகிறது. குழுப் பிணை என்பதால் ஒருத்தி கட்டாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி கட்ட வேண்டும், அதோடு உறவும் முறிகிறது. வழி இல்லாமல் எடுத்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுக்கும் முன் கமிட்டிக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கூரைத் தகரம் மாற்ற, இஸ்தோப்பை மறித்து ஓர் அறை எடுக்க என்று காசு தேவைப்படும். அதற்கு நம்பிக்கையான பத்துப் பேர் சேர்ந்து போடும் மாதச் சீட்டு நல்லது. தவணையும் சம்பளமும் ஒரே கிழமையில் வரும்.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. மகப்பேற்று விடுமுறை 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84 நாள்தான். ஆனால் அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வேலை நாள் குறைந்தால் மகப்பேற்றுக் காசும் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போகலாம். அதனால்தான் கொப்பியை எழுதச் சொல்கிறோம். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் உண்டு. பிள்ளைக் காம்பிரா உள்ள இடத்தில் தடவைக்கு அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் நேரமல்ல, சட்டம் கொடுத்த நேரம்.

நான்காவது, தோட்டத்தை விட்டுப் போவது. கொழும்புக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறவர்களை நாங்கள் மறிக்க மாட்டோம். பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வாழ வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். போகும் முன் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் கழித்து வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். இங்கே என்ன விட்டுப் போகிறோம் என்பதையும் எழுதுங்கள். ஐந்து வருடச் சேவை முடிந்தால் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், 1,350 ரூபா நாட்சம்பளக் கணக்கில் வருடத்துக்கு 18,900 ரூபா. நாலரை வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர் அதை இழக்கிறார். சேமலாப நிதியில் உங்கள் 8 வீதத்தோடு தோட்டம் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். கைக்காசு வேலையில் பல தோட்டங்களில் இது எதுவும் சேருவதில்லை. கையில் உடனே காசு வருகிறது என்பதற்காகப் பேர் வேலையை விட்டுவிட்டுக் கைக்காசுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தோழர்களே, நாங்கள் சொன்ன கொப்பியாலும் சீட்டாலும் மட்டும் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கு 250 ரூபாவில் எந்தச் சிக்கனமும் அதிசயம் செய்யாது. சம்பளம் கூட வேண்டும், வேலை நாள் கூட வேண்டும். அதற்குப் போராட்டம்தான் வழி. ஆனால் கடனில் மூழ்கிய ஆள் வேலைநிறுத்தத்துக்கு வரப் பயப்படுவார். ஒரு கிழமை பேர் விழாவிட்டால் தவணைக்கு என்ன செய்வது என்றுதான் அவருக்கு முதலில் ஓடும். அந்தப் பயம் இருக்கும்வரை தோட்ட நிர்வாகம் நம்மை இலேசாக எடை போடும். வீட்டுக் கணக்கைச் சரியாக வைப்பதும் சங்க வேலைதான் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வெளியே போகும்போது வாசலில் ஆளுக்கொரு கொப்பி தருவார்கள். வீட்டுக்கு ஒன்று போதும், இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த மாதம் இருபதாம் திகதிக்கு முன் கொப்பியையும் இரண்டு சம்பளத் துண்டையும் உங்கள் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். மாவட்டக் காரியாலயத்தில் நாங்கள் அதை வாங்கி, தோட்டம் தோட்டமாகக் கூட்டிப் பார்த்து, எத்தனை பேர் குறைந்திருக்கிறது என்று நிர்வாகத்தின் முன் வைப்போம்.