பாசறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு



தமிழ் வழங்கும் நிலத்தைவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வேறு மாநிலங்களில் வந்து குடியேறியவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. ஊரில் இருந்தவரையில் பஜனை மடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காத இளைஞர், தில்லிக்கோ மும்பைக்கோ வந்த முதல் மார்கழியில் குளிரைப் பொருட்படுத்தாமல் எழுந்து சென்று, பஜனைக் கோஷ்டியின் கடைசி வரிசையில் நின்றுகொள்கிறார். பாட்டு அவருக்குப் பாதிதான் தெரியும். ஆயினும் இரண்டாவது அடி பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒரே இரவில் அவருக்குப் பக்தி பெருகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தம் குரல் பிற குரல்களோடு கூடி ஒலிப்பதற்கு அந்தப் பெருநகரில் அவர் கண்ட முதல் இடம் அதுதான்.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று என்னோடு நெடுந்தொலைவிலுள்ள பாசறை ஒன்றிற்கு வருமாறு உங்களை அழைக்கிறேன். ஐக்கிய அமெரிக்க நாட்டின் படைகளில் புதிதாகச் சேரும் வாலிபர்கள் முதற் பயிற்சி பெறும் இடங்கள் சில உண்டு. கடற்படைக்குச் சிக்காகோ நகருக்கு வடக்கே, 1911-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிரேட் லேக்ஸ். விமானப் படைக்கு டெக்ஸாஸ் மாநிலத்து லாக்லண்டு. தரைப்படைக்குத் தென் கரோலினாவிலுள்ள ஜாக்ஸன் கோட்டை முதலிய இடங்கள். மரீன்கள் என்னும் கடற்படைக் காலாட்களுக்குப் பாரிஸ் தீவும் ஸான் டியேகோவும். பயிற்சியின் காலம் படைக்குப் படை வேறுபடும். மரீன்களுக்கு அது 13 வாரம்.

அங்கே வந்து இறங்கிய அன்றே வாலிபனின் தலைமயிர் ஒட்ட வெட்டப்படும். அவனுடைய உடை, கைப்பை, தொலைபேசி யாவும் வாங்கி வைக்கப்படும். எழுவதும் உண்பதும் உறங்குவதும் பிறர் ஆணைப்படியே. கேட்ட கேள்விக்கு உரத்த குரலில் விடையளிக்க வேண்டும்; கேளாதபோது வாய் திறக்கலாகாது. மரீன்களின் பயிற்சியில் இன்னும் கடுமையான விதி ஒன்றுண்டு. பயிற்சி பெறுபவன் தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வேண்டுமானாலும், ‘இந்த ரிக்ரூட்டுக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று, யாரோ மூன்றாம் மனிதனைப்பற்றிச் சொல்வதுபோலத்தான் கேட்க வேண்டும். தனி மனிதனைக் கரைத்து, அணியின் ஓர் உறுப்பாக வார்ப்பதற்காக ஏற்பட்ட முறை இது. இதில் நன்மையும் உண்டு, நோவும் உண்டு.

இத்தகைய வாரத்தின் முடிவில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் சில மணி நேரம் வழிபாட்டிற்கென்று ஒதுக்கப்படும். புதுச் சிப்பாய்கள் அவரவர் மதத்திற்கேற்ப அணிவகுத்துச் சிற்றாலயத்திற்குச் செல்வார்கள். வாசலைக் கடந்து உள்ளே நுழைந்ததும் பயிற்சி சார்ஜண்டின் அதட்டல் ஓய்ந்துவிடுகிறது. மெத்தென்ற இருக்கை, பெயர் சொல்லிப் பேசும் மதகுரு, அடுத்தவனைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்யலாம் என்னும் சுதந்திரம். சிலர் உட்கார்ந்த மாத்திரத்தில் உறங்கிப்போவதும் உண்டு. ஆனால் பாட்டுத் தொடங்கிவிட்டால் உறங்குபவர் எவரும் இல்லை.

அந்தப் பாட்டின் ஓசை சாதாரணத் தேவாலயத்தில் கேட்கும் ஓசையன்று. நூற்றுக்கணக்கான இளந் தொண்டைகள், வாரம் முழுவதும் உரக்கக் கத்தியே பழகியவை, ஒரே சமயத்தில் திறந்துகொள்கின்றன. சுருதி சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். கைத்தாளமும் கால்தாளமும் சேர்ந்து தரை அதிரும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ராபின் மார்க் என்பவர் 1990-களில் இயற்றிய ‘டேஸ் ஆஃப் எலைஜா’ போன்ற புதிய பாடல்களும் படைவீரர்களின் ஆலயங்களில் பெரும் ஆரவாரத்தோடு பாடப்பெற்றுள்ளன.

தாளத்தோடு கூடிய இந்தப் பழக்கத்திற்குப் பயிற்சி மைதானமும் ஒரு காரணம். அமெரிக்கச் சிப்பாய்கள் அணிநடை போடுகையில், ஒருவன் ஓர் அடியைச் சொல்ல மற்றவர் எதிரடி சொல்வார்கள். நம் நாட்டில் நடவுப் பாட்டிலும் ஏற்றப் பாட்டிலும் கேட்கும் முறையேதான். 1944-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ஸ்லோகம் கோட்டையில், வில்லி டக்வொர்த் என்னும் கறுப்பினச் சிப்பாய், நெடுநடையில் களைத்துப்போன தம் தோழர்களுக்கு ஊக்கமூட்ட இவ்வாறு பாடத் தொடங்கினார். கால்கள் தாமே ஒழுங்குக்கு வந்தன. மேலதிகாரிகள் அதனைக் கண்டு எங்கும் பரப்பினார்கள். முன்னவர் சொல்லப் பின்னவர் ஏற்கும் இம்முறை, கறுப்பின மக்களின் வயலிலும் ஆலயத்திலும் பல தலைமுறைகளாக வழங்கி வந்ததாகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அதே முறையில் பாடும் புதுச் சிப்பாய், தான் அறியாமலே அதன் பிறப்பிடத்திற்குத் திரும்பிச் செல்கிறான் எனலாம்.

பழைய பாட்டுகளும் மறைந்துவிடவில்லை. அவற்றுள் இரண்டைக் குறிப்பிட விரும்புகிறேன். நம் தமிழ்த் திருச்சபைகளில் பாமாலை என்று வழங்குகிறார்களே, அந்த வகையைச் சேர்ந்தவை இவை.

முதலாவது, ‘கடற்படைப் பாமாலை’ என்றே பெயர் பெற்றுவிட்ட பாட்டு. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரில் பாடகச் சிறுவர்களின் ஆசிரியராக இருந்த வில்லியம் வைட்டிங் 1860-இல் அதனை எழுதினார். மறு ஆண்டில் ஜான் டைக்ஸ் இசையமைத்தார். கடலில் இடருறுவோரைக் காக்கும்படி இறைவனை வேண்டும் பாட்டு அது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் ஞாயிறு வழிபாட்டை அப்பாட்டோடு முடிக்கும் வழக்கத்தை 1879-இல் சார்லஸ் டிரெயின் என்னும் அதிகாரி தொடங்கினார். 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் உடலை நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் சுமந்து சென்றபோது வாத்தியத்தில் ஒலித்ததும் அதுவே. விமானிகளுக்கென்றும் நீர்மூழ்கி வீரர்களுக்கென்றும் பிற்காலத்தார் புதிய அடிகளைச் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் கப்பலையே பார்த்திராத பதினெட்டு வயதுப் பையன் ஏரிக்கரைப் பாசறையில் நின்று அதைப் பாடும்போது, தன்னை எதிர்நோக்கியிருப்பது எது என்பதை முதன்முதலாக உணர்கிறான்.

இரண்டாவது, உலகமெங்கும் அறியப்பட்ட ‘அமேஸிங் கிரேஸ்’. இதனை எழுதிய ஜான் நியூட்டனின் வரலாறு இன்றைய பொருளுக்கு மிகவும் ஏற்றது. 1744-இல் அவரைப் பலவந்தமாகப் பிடித்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றினார்கள். அவர் தப்பி ஓட முயன்றார், பிடிபட்டுக் கசையடி பட்டார், பதவியும் இழந்தார். பின்னர் அவரே அடிமை வாணிகக் கப்பல்களின் தலைவரானார் என்பது அந்த வாழ்க்கையின் பெருங் களங்கம். கடலைத் துறந்து மதகுருவாகி, ஓல்னி என்னும் சிற்றூரில் 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்காக இப்பாட்டை இயற்றினார். 1788-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டுத் தம் பழைய குற்றத்தை உலகறிய ஒப்புக்கொண்டார். இன்று பாடப்பெறும் மெட்டு, 1835-இல் அமெரிக்க இசைத் தொகுப்பு ஒன்றில் அச்சொற்களோடு இணைந்ததாகும்.

அப்பாட்டு பெரும்பாலும் தன்மை ஒருமையில் அமைந்தது. ‘நான்’, ‘என்னை’ என்றே பாடுபவன் சொல்ல வேண்டும். எண்ணிப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை ‘நான்’ என்னும் சொல் விலக்கப்பட்ட ஒருவன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அச்சொல்லை வாய்விட்டுப் பாடுகிறான், தடுப்பவர் இல்லை. முன்னொரு காலத்தில் படையில் பிடித்துத் தள்ளப்பட்ட ஒருவர் எழுதிய பாட்டின் வழியாக அது அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அந்நேரத்தில் அவன் கண்களில் நீர் வருமானால், கோழைத்தனம் என்று அதனைச் சொல்லலாகாது.

இனி, இவ்வழக்கத்தில் அடங்கியுள்ள ஒரு கடினமான வினாவிற்கு வருவோம். ஆணைக்குக் கட்டுப்பட்ட இடத்தில் பாடப்படும் பாட்டு உள்ளத்தின் பாட்டாகுமா? ஆலயத்திற்குச் செல்வது புதுச் சிப்பாயின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதே சட்டம். ஆனால் போகாதவன் அந்நேரத்தில் பாசறையில் துடைப்பம் பிடிக்க நேர்வதும் உண்டு. அப்படியானால் அவனை உள்ளே இழுத்தது கடவுளா, துடைப்பமா என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

அதிகாரிகளை உருவாக்கும் படைக் கல்லூரிகளில் நெடுங்காலம் ஞாயிறு வழிபாடு கட்டாயமாகவே இருந்தது. மாணவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். ‘மதத்தை வளர்ப்பது எங்கள் நோக்கமன்று, நாளை இவர்கள் நடத்தப்போகும் வீரர்களுக்குச் சமய உணர்ச்சி எத்தகைய பலம் தருகிறது என்பதை அறிந்துகொள்ளவே இந்த ஏற்பாடு’ என்பது அரசாங்கத்தின் வாதத்தின் சாரம். 1972-இல் வாஷிங்டனிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கட்டாய வழிபாடு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

வழிபாட்டின் வகைகளும் பின்னர் விரிந்தன. 1993-இல் முதன்முதலாக ஒரு முஸ்லிம் மதகுரு அமெரிக்கத் தரைப்படையில் அமர்ந்தார். 2011-இல் பிரதிமா தரம் என்னும் இந்திய வம்சத்துப் பெண்மணி, சின்மயா மிஷன் மேற்கின் பரிந்துரையோடு, அந்நாட்டுப் படைகளின் முதல் இந்து மதகுரு ஆனார்.

நம் நாட்டு ராணுவம் வேறொரு வழியில் செல்வது. இங்கே பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகியோர் இளநிலை அதிகாரி தகுதியோடு படையிலேயே பணிபுரிகிறார்கள். பல முகாம்களில் ‘சர்வ தர்ம ஸ்தலம்’ என்னும் ஒரே கூரையின்கீழ்ப் பல மதங்களின் வழிபாடும் நடைபெறுகிறது. அதிகாரி தம் மதம் எதுவாயினும், தம் வீரர்களின் வழிபாட்டில் அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்பது படை மரபு. அம்மரபுக்கு மாறாகக் கருவறைக்குள் செல்ல மறுத்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் பதவி நீக்கம் செய்யப்பட்டதை, 2025 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அமெரிக்க நீதிமன்றம் தனி மனிதனின் மனச்சான்றை முதன்மையாக்கியது. நம் நீதிமன்றங்கள் படையின் ஒற்றுமையையும் கட்டுப்பாட்டையும் முதன்மையாக்கின. இரண்டுமே அற்பமான காரணங்கள் அல்ல. எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கத்தில் ஏதோ ஓர் இழப்பு உண்டு என்பதை மறவாதிருப்பதே நேர்மை.

பாட்டைப் பொறுத்தவரையில் நாமும் அந்த மரபிற்கு முழுதும் அந்நியரல்லர். ஹென்றி லைட் 1847-இல் எழுதிய ‘அபைடு வித் மீ’ என்னும் பாமாலை காந்தியடிகளின் உள்ளத்திற்கு உகந்தது. தில்லியில் ஜனவரி 29-ஆம் நாள் நடைபெறும் பாசறை திரும்பும் விழாவில் அது பல்லாண்டு ஒலித்து, 2022-இல் நீக்கப்பட்டது. விஜய் சௌக்கில் மாலை மங்கும் வேளையில் அதைக் கேட்டிருக்கும் தில்லித் தமிழர்கள் நம்மிடையே இருப்பார்கள்.

நீலகிரி மலையில் வெலிங்டன் பாசறையில், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து சென்ற பிள்ளைகள், மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் தோழர்களோடு அங்கே அணிவகுத்து, இந்தியில் வரும் ஆணைகளுக்குக் காலைத் தூக்கி வைக்கிறார்கள். உங்களில் சிலருடைய தம்பியோ மகனோ அங்கே பயின்றிருக்கலாம். வீடு திரும்பும் பிள்ளையிடம் துப்பாக்கியைப்பற்றியும் ஓட்டத்தைப்பற்றியும் கேட்கிறோம். இனிமேல் இதையும் கேளுங்கள்: ‘அங்கே என்ன பாட்டுப் பாடினாய், அப்பா?’ அவன் சற்றுத் தயங்கிவிட்டுப் பாடிக் காட்டுவானானால், கடிதங்களில் அவன் எழுதாமல் விட்டது அதில் இருக்கும்.

கட்டளைக்கு நிமிர்ந்து நிற்கும் உடம்பு நாட்டுக்குத் தேவை. அந்த உடம்புக்குள் ‘நான்’ என்று பாடக்கூடிய ஓர் உயிர் எஞ்சியிருப்பதும் அதே அளவு தேவை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அந்த உயிருக்கு இடம் விடும் பாசறை எந்த நாட்டில் இருந்தாலும், அது நல்ல பாசறையே.