தளர்ந்த கியர்த்தண்டு

பழுது என்றதும் பெருஞ்செலவை எண்ணி அஞ்சுவது மாந்தர் இயல்பு. கதவு முனகினால் நிலையே உளுத்துவிட்டதோ என்று கலங்குவோர் உளர். பிணைச்சலில் ஒரு திருகாணியை முடுக்கினால் தீர்ந்துவிடும் குறை அது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலே கியர்த்தண்டு தளர்ந்து ஆடுவதும் பெரும்பாலும் இத்தகையதே.

யப்பானிய நிறுவனமாகிய மஸ்டா, எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காரை 1989ஆம் ஆண்டு பெப்ருவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகஞ் செய்தது. அதன் முதல் தலைமுறை 1997 வரை உற்பத்தியாயிற்று. 'ஜின்பா இத்தாய்' என்பது அதனை அமைத்தோர் கொண்ட குறிக்கோள். குதிரையும் அதன்மேல் ஏறியவனும் ஓருடலாதல் என்பது அதன் பொருள். அக்குறிக்கோள் நிறைவேறும் இடங்களுள் ஒன்று கியர்த்தண்டு. இயந்திரம் முன்னே இருந்து பின்சக்கரங்களை இயக்குவதால், கியர்ப்பெட்டி ஓட்டுநரின் கைக்கு அருகிலேயே அமைகின்றது. நீண்ட கம்பிகளோ இணைப்புத் தண்டுகளோ இன்றி, கியர்த்தண்டு நேரே பெட்டிக்குள் இறங்குகின்றது. ஆதலின் புதிய வண்டியில் அதன் அசைவு குறுகியதாயும் உறுதியாயும் இருந்தது.

அத்தண்டு ஒரு நெம்புகோல். நடுவே உள்ள உருண்டை அதற்குச் சுழலிடம். அதன் கீழ்முனை, உள்ளிருக்கும் மாற்றுத்தண்டின் குழியிற் பொருந்துகின்றது. உலோகமும் உலோகமும் உரையாதிருக்க அம்முனைக்கு ஒரு சிறு நைலோன் கிண்ணத்தை அணிவித்துள்ளனர். உருண்டையின் ஆட்டத்தை அடக்குவது அலைபோல் வளைந்த வில்வாசர். பல்லாண்டு வெப்பத்தினால் நைலோன் வெடித்து உதிர்கின்றது. சுழலிடத்துக்கு மேலுள்ள பகுதி கீழுள்ளதைவிடப் பன்மடங்கு நீளமாதலின், கீழே ஒரு மில்லிமீற்றர் தேய்வு மேலே பிடிக்குமிழில் பல மில்லிமீற்றர் ஆட்டமாகத் தோன்றும். கண்டவர் கியர்ப்பெட்டியே அழிந்ததென்று மயங்குவது இதனாலேயே.

ஆயினும் இதனைப் பொருட்படுத்தாது விடுதலும் தகாது. ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு இறக்க எண்ணிய கை, தளர்ச்சியினால் இரண்டாவதைப் பற்றிவிடின், இயந்திரம் அளவுமீறிச் சுழன்று சிதைவுறலாம். பின்சக்கரங்கள் பிடியிழந்து வண்டி சறுக்கவுங்கூடும்.

செப்பஞ் செய்யுமுன் நோயை நாட வேண்டும். முதலிற் பிடிக்குமிழைத் திருகிப் பார்த்தல் நன்று. சிலவேளைகளில் அதன் மரையே தளர்ந்திருக்கும். கியர் எதிலும் இல்லாதபோது தண்டு பக்கவாட்டில் ஓரளவு அசைவது இயல்பு. ஓடும்போது கலகலத்து, கை வைத்ததும் அவ்வொலி அடங்குமாயின், கிண்ணமும் வாசருமே ஐயத்துக்குரியவை. கியர் தானாகவே விடுபட்டாலோ, மாற்றும்போது பற்கள் அரைபட்டாலோ, குறை கிளச்சிலோ பெட்டியினுள்ளோ இருக்கக்கூடும். கிண்ணத்தை மாற்றுவதனால் அது தீராது.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இட்டுச் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்தல் வேண்டும். கியர்ப்பெட்டி முற்றாக ஆறும்வரை பொறுத்தலும் அவசியம். பிடிக்குமிழையும் இருக்கைகளுக்கு இடையேயுள்ள மேலுறையையும் கழற்றினால் பெரிய றப்பர் உறை தோன்றும். அதனைப் பிடித்திருப்பவை நான்கு ஆணிகள். அதன் கீழே சிறிய உறையும் தகடும் மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றுமுன் சுற்றுப்புறத் தூசியை நன்கு துடைத்தல் வேண்டும். துவாரத்துள் விழும் ஒரு மணல் நேராகக் கியர்ப்பெட்டிக்குள்ளே சென்றுவிடும்.

தண்டை மேலே இழுத்ததும் பாகங்கள் அமைந்திருந்த ஒழுங்கைக் குறித்துக்கொள்க. கீழ்முனையிற் கிண்ணம் காணப்படாவிடின் அது உடைந்து அடியிலே கிடக்கின்றதென்பது பொருள்; துண்டுகள் யாவற்றையும் எடுத்தல் வேண்டும். அக்குழியிலே எஞ்சிய கரிய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சியெடுத்து, கையேடு கூறும் தரத்துக் கியர் எண்ணெயை 80 முதல் 95 மில்லிலீற்றர் வரை ஊற்றுதல் வேண்டும். அவ்வெண்ணெய் வற்றிப்போனமையே கிண்ணம் விரைந்து தேய்வதற்குப் பலகாலும் காரணம். புதிய கிண்ணத்துக்கும் வாசருக்கும் எண்ணெய் தடவிப் பொருத்துக. சிறிய உறை கிழிந்திருப்பின் அதனையும் மாற்றுதல் வேண்டும். கிழிந்த உறையின் வழியே வெப்பமும் இரைச்சலும் உள்ளே ஏறும். பெட்டியின் அலுமினிய மரைகள் மென்மையானவை. ஆணிகளை மிகையாய் இறுக்கினால் அவை அழிந்துவிடும். இறுதியில், இயந்திரத்தை இயக்காமலே பின்னோக்கு உட்பட எல்லாக் கியர்களையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

இவையனைத்தும் பொறுமையுள்ள ஒருவருக்கு அரைநாள் வேலை. மாற்றப்படும் உறுப்புகளோ உள்ளங்கையில் அடங்குபவை. அவற்றை அறியாமையினாலேயே சிலர் கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்றுகின்றனர். வேறு சிலர் வெறுப்புற்று வண்டியையே விற்றுவிடுகின்றனர். முதல் தலைமுறை வண்டிகளை மீளச் செப்பனிடும் திட்டமொன்றை மஸ்டா நிறுவனமே 2017இல் யப்பானில் அறிவித்தது. பழையதைப் பேணுவோரின் ஆர்வத்தை ஆக்கியோரும் மதித்தனர் என்பதற்கு இதுவே சான்று.

பெரிய தேரும் சிறிய அச்சாணியின் துணையின்றி ஓடாது. கழன்ற அச்சாணிக்காகத் தேரையே கொளுத்துவோர் இலர். பழைய பொருளொன்று தளர்ந்தவிடத்து, அதனைக் கைவிடத் துணியுமுன், தளர்ச்சி எங்கே பிறந்ததென்று திறந்து பார்ப்பதே அறிவுடைமை.