சுரங்கத்தின் மேல் எழுந்த மைதானம்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் சண்டர்லாண்ட் நகரம் அமைந்துள்ளது. கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரியுமே அந்நகருக்கு நெடுங்காலம் சோறு போட்டன. 1988இல் கப்பல் கட்டும் தளங்களின் கதை முடிந்தது. 1993 டிசம்பரில் மங்க்வியர்மவுத் சுரங்கம் மூடப்பட்டது. டர்ஹாம் நிலக்கரிப் பகுதியில் அதுவரை எஞ்சியிருந்த கடைசிச் சுரங்கம் அது. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தாட்சர் அரசு முறியடித்த பின்னர், ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட சுரங்கங்களின் வரிசையில் அதுவும் சேர்ந்தது.

சுரங்கம் இருந்த அதே நிலத்தில் 1997இல் ஒரு கால்பந்து மைதானம் திறக்கப்பட்டது. சண்டர்லாண்ட் கால்பந்து அணியின் தாயகமாகிய அதற்கு ‘ஸ்டேடியம் ஆஃப் லைட்’ என்று பெயர். ஒளியின் மைதானம் என்பது அதன் பொருள். அந்த ஒளி சுரங்கத் தொழிலாளியின் விளக்கிலிருந்து பெறப்பட்டது. சுரங்கத்தில் பயன்பட்ட பாதுகாப்பு விளக்கின் பெரிய உருவம் ஒன்று மைதானத்தின் வாயிலில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. உள்ளே, வியர்மவுத் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளையின் பதாகை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

இந்த மைதானத்தில் 2013இல் எழுந்த ஒரு விவாதம் இன்றும் கருத்தூன்றிப் பார்க்கத் தக்கது. விளையாட்டில் அரசியல் கூடாது என்போரும், விளையாட்டெல்லாம் முதலாளித்துவத்தின் மயக்க மருந்தே என்று ஒதுக்கித் தள்ளுவோரும் ஒருசேரக் கற்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

நியமனம்

2013 மார்ச் இறுதியில் சண்டர்லாண்ட் அணி பெரும் நெருக்கடியில் இருந்தது. பிரீமியர் லீக்கில் இன்னும் ஏழே ஆட்டங்கள் மீதமிருந்தன. கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் இடத்திற்கும் அணிக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயில் பெரும்பகுதி பறிபோகும். அமெரிக்க முதலாளியான உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட், மேலாளர் மார்ட்டின் ஓ’நீலை மார்ச் 30 அன்று நீக்கினார். மறுநாளே இத்தாலியரான பாவ்லோ டி கானியோ தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார்.

டி கானியோ 1968இல் ரோம் நகரின் உழைப்பாளிகள் வாழும் குவார்ட்டிச்சோலோ பகுதியில் பிறந்தவர். இளம் வயதிலேயே லாட்சியோ அணியின் தீவிர ரசிகர் குழுவில் சேர்ந்தார். வலதுசாரித் தீவிரவாதத்துக்குப் பேர்போன குழு அது. பின்னர் திறன்மிக்க ஆட்டக்காரராக உயர்ந்தார். இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணிக்காக ஆடியபோது, எதிரணியின் கோல்காப்பாளர் காயமுற்று விழுந்ததைக் கண்டு, கோல் அடிக்கும் வாய்ப்பைக் கைவிட்டுப் பந்தைக் கையால் பிடித்து நிறுத்தியவர் அவர். அந்த நேர்மைக்காகச் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் விருதும் பெற்றார்.

ஆனால் அதே மனிதரின் கையில் ‘டுக்ஸ்’ என்ற சொல் பச்சை குத்தப்பட்டிருந்தது. முசோலினிக்கு வழங்கப்பட்ட ‘டூசே’ என்னும் பட்டத்தின் இலத்தீன் மூலச்சொல் அது. 2000இல் வெளிவந்த தன்வரலாற்றில் முசோலினியைத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனிதராகச் சித்திரித்தார். 2005இல் லாட்சியோ அணிக்காக ஆடியபோது, கையை நீட்டிப் பாசிச வணக்கம் செலுத்தினார். அதுவும் ஒருமுறையன்று. அவ்வாண்டு டிசம்பரில் லிவோர்னோ அணியுடனான ஆட்டத்திலும் அதையே செய்தார். அதற்காக அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி 1921 ஜனவரியில் பிறந்த நகரம் லிவோர்னோ என்பதைத் தோழர்கள் அறிவர். அந்நகரின் அணிக்கெதிரான ஆட்டத்தில் அந்தக் கை எதற்காக நீண்டது என்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. தாம் பாசிஸ்ட் என்றும், ஆயினும் இனவெறியர் அல்லர் என்றும் அவரே அப்போது செய்தியாளர்களிடம் கூறினார்.

எதிர்ப்பு

அறிவிப்பு வந்த அன்றே அணியின் துணைத்தலைவர் டேவிட் மிலிபாண்ட் பதவி விலகினார். முன்னாள் வெளியுறவு அமைச்சரான அவர், நாஜிப் படையெடுப்புக்குத் தப்பி 1940இல் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து வந்த யூத அகதியும் மார்க்சிய அறிஞருமான ரால்ப் மிலிபாண்டின் மகன். அணியின் ரசிகரான டர்ஹாம் தேவாலயத் தலைமைக் குரு மைக்கேல் சாட்கிரோவ், பாசிசத்தைக் கைவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லுமாறு பயிற்சியாளருக்குத் திறந்த மடல் எழுதினார். அவருடைய தாயும் ஒரு யூத அகதியே.

இவை தனிமனிதர்களின் மனச்சாட்சிக் குரல்கள். அமைப்பின் குரல் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்திடமிருந்து எழுந்தது. இந்த நியமனம் பாசிசத்தை எதிர்த்துப் போராடி மடிந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட துரோகம் எனச் சங்கத்தின் பொதுச்செயலாளர் டேவ் ஹாப்பர் கண்டித்தார். மைதானத்தில் உள்ள வியர்மவுத் கிளைப் பதாகையைத் திருப்பித் தருமாறு சங்கம் கோரியது. ஸ்பெயினில் குடியரசைக் காக்கச் சர்வதேசப் படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டவர்களுள் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தனர். இரண்டாம் உலகப்போரில் சண்டர்லாண்ட் நகரமும் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்குப் பெரிதும் இலக்கானது. எனவே சங்கம் கேட்டது ஒரு துணியை மட்டுமன்று.

தொடக்கத்தில் நிர்வாகம் இதற்கு மசியவில்லை. பயிற்சியாளர்மீது பாசிச முத்திரை குத்துவது அவருக்கும் அணிக்கும் அவமானம் என்றது. முதல் செய்தியாளர் சந்திப்பில், இது நாடாளுமன்றமன்று, கால்பந்து அணி என்று கூறிப் பதிலளிக்க மறுத்தார் டி கானியோ. நெருக்கடி முற்றியதும், மறுநாளே, ஏப்ரல் 3 அன்று, தாம் அரசியல்வாதியுமல்லர், இனவெறியருமல்லர், பாசிசச் சித்தாந்தத்தை ஆதரிப்பவருமல்லர் என்று அவர் பெயரில் அறிக்கை வெளிவந்தது.

ரசிகர்களின் விவாதம்

இந்த நாட்களில் ரசிகர்கள் இரண்டுபட்டு நின்றனர். இரு தரப்பும் உழைக்கும் மக்களே என்பதை மறந்துவிடலாகாது.

ஒரு தரப்பு சொன்னது: சுரங்கம் போயிற்று, கப்பல் தளம் போயிற்று, இந்நகருக்கு எஞ்சியிருப்பது இந்த அணி ஒன்றே. அது கீழே விழுந்தால் மைதானத்தை நம்பியுள்ள வேலைகளும் விழும். பயிற்சியாளரின் கருத்து அவருடைய சொந்த விஷயம். வெஸ்ட் ஹாமில் அவர் ஆடியபோது வாய்மூடி இருந்தவர்கள் இப்போது மட்டும் கூச்சலிடுவானேன்? மன்னராட்சி நாடுகளின் எண்ணெய்ப் பணம் அணிகளை விலைக்கு வாங்கும்போது எங்கே போயிற்று இந்த அறச்சீற்றம்? மிலிபாண்ட் எப்படியும் நாட்டைவிட்டு நியூயார்க்குக்குப் போகவிருந்தவர்தானே?

மறுதரப்பு சொன்னது: தந்தையும் பாட்டனும் இறங்கிய சுரங்கத்தின்மேல் நின்றுகொண்டு முசோலினியின் பெயரைத் தாங்கிய கைக்கு எப்படிக் கைதட்டுவது? பலர் பல ஆண்டுகளாக வைத்திருந்த பருவச்சீட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றனர். அணியை மறுப்பது அவர்களுக்கு எளிதான செயலன்று; குடும்பத்தில் ஒருவரை மறுப்பதற்கு ஒப்பானது அது.

முதல் தரப்பின் வாதங்களில் உண்மையே இல்லையென்று சொல்ல முடியாது. இரட்டை அளவுகோல் இருக்கவே செய்தது. ஆயினும் முன்னர் யாருமே பேசவில்லை என்பது சரியன்று. 2011இல் ஸ்விண்டன் அணி டி கானியோவை நியமித்தபோது ஜி.எம்.பி. தொழிற்சங்கம் அந்த அணிக்கு அளித்துவந்த நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. அது சிறிய அணி. செய்தி பெரிதாகப் பரவவில்லை. நேற்று மௌனம் காத்தோர் இருந்தனர் என்பதற்காக இன்றைய மௌனம் நியாயமாகிவிடாது.

‘சொந்தக் கருத்து’ என்னும் வாதமோ அடிப்படையிலேயே நொண்டுகிறது. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கையை நீட்டுவது வீட்டுக்குள் வைத்திருக்கும் கருத்தாகாது. அது ஒரு திரட்டல் அழைப்பு. பாசிசம் எப்போதும் சித்தாந்த நூலோடு வருவதில்லை. ‘நாம்’ என்ற உணர்வைக் கொடுத்துக்கொண்டு வருகிறது. அந்த வணக்கத்தை டி கானியோவும் தம் மக்களைச் சேர்ந்தவர் என்னும் உணர்வின் வெளிப்பாடாகவே விளக்கினார். உழைப்பாளர் குடியிருப்பில் பிறந்த ஒரு சிறுவனுக்கு அந்த உணர்வைக் கொடுத்தது தொழிற்சங்கம் அன்று, வலதுசாரி ரசிகர் குழு. இடதுசாரிகள் கவலையோடு சிந்திக்க வேண்டிய இடம் இது.

வெற்றியும் நீக்கமும்

ஏப்ரல் 14 அன்று பரம்பரைப் போட்டியாளரான நியூகாசில் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சண்டர்லாண்ட் 3-0 எனத் தோற்கடித்தது. டி கானியோ புல்தரையில் முழங்காலால் சறுக்கிக் கொண்டாடினார். ரசிகர் கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிர்ப்புக் குரல்கள் அந்த ஆரவாரத்தில் அமுங்கின. அணி 17ஆவது இடத்தைப் பெற்றுப் பிரீமியர் லீக்கில் நிலைத்தது.

அடுத்த பருவத்தில் தோல்விகள் தொடர்ந்தன. ஆட்டக்காரர்களிடையே அதிருப்தி பெருகியது. செப்டம்பர் 22 அன்று டி கானியோ நீக்கப்பட்டார். அவர் பயிற்றுவித்தவை மொத்தம் 13 ஆட்டங்கள், வென்றவை மூன்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அவரை வெளியேற்றியது பாசிச எதிர்ப்பா? இல்லை. வருவாய்க்காக அமர்த்தப்பட்டார், வருவாய்க்காகத் தாங்கிப் பிடிக்கப்பட்டார், வருவாய்க்காகவே வெளியேற்றப்பட்டார். தொடர்ந்து வென்றிருந்தால் அவர் அங்கேயே நீடித்திருப்பார். சந்தையின் தீர்ப்பு சில வேளைகளில் நியாயத்தின் பக்கம் விழுவதுபோல் தோன்றும். அதை நியாயத்தின் வெற்றி என்று எண்ணிவிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

பாசிசத்தை ஆதரிக்கவில்லை என்ற அந்த அறிக்கை என்னவாயிற்று? 2016இல் இத்தாலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் டி கானியோ குட்டைக் கையுடைய சட்டையுடன் தோன்றினார். ‘டுக்ஸ்’ என்ற பச்சை எழுத்துகள் திரையில் தெரிந்தன. எதிர்ப்பு எழுந்ததும் தொலைக்காட்சி நிறுவனம் அவரை இடைநிறுத்தியது. அறிக்கை காகிதத்தில் இருந்தது. எழுத்து தோலிலேயே இருந்தது.

வாக்கும் நுழைவுச்சீட்டும்

இவ்வளவு பெரிய விவாதத்தில் ரசிகர்கள் பேசினார்கள், சண்டையிட்டார்கள், மனம் நொந்தார்கள். ஆனால் பயிற்சியாளரை அமர்த்தும்போதும் நீக்கும்போதும் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. இரண்டு முடிவுகளையும் உரிமையாளரின் மூலதனமே எடுத்தது.

அதே மண்ணில் முன்னர் இருந்த நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுரங்கம் இயங்கிய காலத்தில் அங்கே ஒரு சங்கக் கிளை இருந்தது. சுரங்கம் தொழிலாளிக்குச் சொந்தமாக இல்லாவிடினும் கிளை அவனுக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே அவன் கை தூக்கினால் ஒரு வாக்கு எண்ணப்பட்டது. மைதானத்தில் அவனுடைய பேரனிடம் இருப்பது நுழைவுச்சீட்டு. அது அவனை வாடிக்கையாளராக ஆக்கியிருக்கிறது. வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை இரண்டே: வாங்கலாம், வாங்காமல் போகலாம். பருவச்சீட்டைத் துறந்தவர்கள் இரண்டாவது உரிமையைப் பயன்படுத்தினார்கள். அது மதிக்கத்தக்க தியாகம். எனினும் தனித்தனியே வெளியேறியவர்களால் முடிவை மாற்ற இயலவில்லை. சங்கத்திடம் ஒரு பதாகை இருந்தது, அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் இருந்தது. ஆதலால்தான் நிர்வாகத்தால் அந்தக் குரலைத் தட்டிக் கழிக்க முடியவில்லை.

ஜெர்மனியில் நிலைமை ஓரளவு வேறு. அங்குள்ள விதியின்படி, சில விதிவிலக்குகள் தவிர, அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஹாம்பர்க் நகரின் சாங்ட் பவுலி அணியின் ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டு, 1990களின் தொடக்கத்திலேயே வலதுசாரித் தீவிரவாதச் சின்னங்களுக்கும் முழக்கங்களுக்கும் தங்கள் மைதானத்தில் தடை கொண்டுவரச் செய்தனர். உரிமை இருந்ததால் மட்டும் அது நிகழவில்லை. அதைப் பயன்படுத்தும் அமைப்பும் இருந்தது.

இந்தியாவிலும் ரசிகர் கூட்டத்தை வெறும் கூட்டமாக எண்ணிவிட முடியாது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் வன்கொலை செய்யப்பட்டதை அடுத்துக் கொல்கத்தா கொந்தளித்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்துச் செய்யப்பட்டது. நூறாண்டுப் பகையுள்ள அந்த இரு அணிகளின் ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்து சால்ட் லேக் மைதானத்தின் வெளியே திரண்டு நீதி கேட்டனர். போலீசாரின் தடியடியையும் எதிர்கொண்டனர். ஆட்டம் நின்றது, ஆனால் வெவ்வேறு நிறச் சட்டைகள் ஒரே முழக்கத்தை எழுப்பின.

கட்சி ஊழியர்களின் கடமை

தோழர்களே, சண்டர்லாண்டில் வெற்றிக்காகக் கைதட்டிய தொழிலாளியைப் பாசிஸ்ட் என்று அழைப்பது தவறு. அது பாசிசத்துக்கே உதவும். அவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டு எஞ்சிய ஒன்றைக் காக்கவே அவன் துடித்தான். அந்தத் துடிப்பை இழிவுபடுத்தாமல், அணியைக் காப்பதும் பாசிசத்தை எதிர்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அவன் அருகில் அமர்ந்து பேசுவதற்கு ஓர் அமைப்பு வேண்டும். விளையாட்டு மன்றங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் இளைஞர்களிடம் கட்சி ஊழியர் போய்ச் சேராவிடில், வேறொருவர் போய்ச் சேருவார். ரோம் நகரில் சேர்ந்தார்கள்.

சுரங்கம் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகவிருந்த நிலையிலும் சங்கத்தின் பதாகை பேசியது. ஏனெனில் அதைப் பேச வைக்க ஒரு சங்கம் உயிரோடு இருந்தது. வேலையிடம் அழிந்தாலும் அமைப்பை அழியவிடாமல் காத்தவர்களின் செயல் அது. மைதானத்தில் ஏற்றப்படும் விளக்கைவிட, சுரங்கத்துக்குள் அவர்கள் சுமந்த விளக்கு சிறியதுதான். ஆனால் அதை ஏந்தியவர் கையில் ஒரு வாக்கும் இருந்தது.