இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு உயிர்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நெடுநேரம் உட்கார வைக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெயர் மெத்திலோபாக்டீரியம். பெயர்தான் வாயில் நுழையாது. ஆள் நமக்குத் தூரமில்லை. செடி கொடிகளின் இலைகளிலே குடியிருக்கிற பாக்டீரியா. நிறம் இளஞ்சிவப்பு. கேரட்டுக்கு நிறம் தரும் சாயத்தின் உறவுதான் இதற்கும் நிறம் தருகிறது; வெயிலுக்குக் குடையும் அதுவே.

இது என்ன சாப்பிடுது தெரியுமா? மெத்தனால்! இளம் இலை விரியும்போது அதன் செல் சுவரிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் கழன்று, இலைத் துளை வழியே கசிகிறது. அதைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது.

மெத்தனால் என்றதும் பெரியவர்களுக்குச் சம்சு ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். குடித்த மெத்தனாலை நம் ஈரல் முதலில் பார்மால்டிஹைடாக்குகிறது, பிறகு பார்மிக் அமிலமாக்குகிறது. பால்மரத் தொழிலாளிக்கு அதை நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அதே ஆசிட்தான்! அது உடம்பில் தேங்கிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. குடித்தவர் "கண்ணு புகைமூட்டமா தெரியுது" என்றால், விடியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள் அம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

நம் பாக்டீரியாவும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் அதற்குள் எதுவும் தேங்குவதில்லை. பார்மிக் அமிலத்தையும் எரித்துச் சக்தியாக்கி விடுகிறது. கரியில் ஒரு பங்கைக் கொண்டு தன் உடம்பைக் கட்டிக்கொள்கிறது. இந்தக் கணக்கை விளக்கியவர்களில் முக்கியமானவர் குவேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1961-இல் அவரும் பீல் என்பவரும் எழுதிய கட்டுரையில் வருகிற பாக்டீரியா, காற்றில் மிதந்து வந்து ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்ட அழையா விருந்தாளி!

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஆசிரியர் துணையோடு (மெத்தனாலை அவர்தான் தொட வேண்டும்) அகார் கூழில் உப்புச் சத்துகளோடு, உணவாக மெத்தனாலை மட்டும் கலந்து, ஓர் இலையை அழுத்தி எடுத்து விடுங்கள். சில நாளில் அந்தத் தட்டில் இலையின் வடிவம் இளஞ்சிவப்பாய் எழும்பி நிற்கும்.