திரையில் இல்லாத மஞ்சள்

கைபேசியில் எலுமிச்சம்பழப் படம் ஒன்றைத் திறந்து வையுங்கள். மஞ்சள் பளிச்சென்று தெரிகிறதா? அந்தத் திரையில் மஞ்சள் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது! விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீரை அதன்மேல் வைத்து உற்றுப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். நீலம் அநேகமாக அணைந்து கிடக்கும்.

மஞ்சளை உண்டாக்குவது நம் கண்ணும் மூளையும்தான். விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் நீண்ட அலைக்கும் நடுத்தர அலைக்கும் உரியவை ஏறக்குறைய ஒரே அளவில் தூண்டப்பட்டால், மூளை அதை மஞ்சளாக எடுத்துக்கொள்கிறது. பழத்திலிருந்து வந்த ஒளியா, இரண்டு புள்ளிகளின் கலப்பா என்று பிரித்தறிய அதற்கு வழியே இல்லை. எவ்வளவு அற்புதமான ஏற்பாடு!

1861இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்த நிறக் கலப்பைச் செய்து காட்டினார். பலநிற ரிப்பன் ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படமெடுக்கச் செய்து, அதே மூன்று நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழவிட்டார். ரிப்பன் வண்ணத்தோடு தெரிந்தது.

கூம்புகள் தூண்டப்படும் அளவே நிறத்தைத் தீர்மானிப்பதால்தான் வெயிலில் திரை வெளிறிப்போகிறது. மேலே விழும் வெள்ளொளி மூன்று கூம்புகளையும் ஒருசேரத் தூண்டிவிடுகிறது. அடங்கியிருக்க வேண்டிய, நீலத்துக்குரிய மூன்றாவது வகைக் கூம்பும் சேர்ந்துகொள்ள, மஞ்சள் வெளுத்துவிடுகிறது.