குடியிருக்கும் வீடு மூலதனம் அல்ல
(விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் சக்தியை நம்பி ஹார்வி கம்பெனி மில் எழுப்பிய ஊர் இது. முப்பது, முப்பத்தைந்து வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, கடைசியில் கைக்கு வந்த பி.எப். பணத்தில் வீடு கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வரும் வரிச்சீட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100 சதவீதம். நகரங்களுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையை அரசு காரணம் காட்டியது. 2024இல் சென்னை மாநகராட்சி மேலும் 6 சதவீதம் உயர்த்தியது.

பெரிய வீட்டுக்கு அதிகம், சிறிய வீட்டுக்குக் குறைவு. இது நியாயம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவு நியாயம்தான். ஆனால் சுவரை அளந்தார்களே தவிர, சுவருக்குள் இருப்பவரின் வருமானத்தை அளந்தார்களா?

கணக்குப் பாருங்கள். பி.எப். திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்து வருஷம் கழித்து 2024இலும் அதே 1,000தான். 700 சதுர அடி வீட்டுக்கு வருஷம் 1,200 ரூபாய் வரி கட்டியவர், 50 சதவீத உயர்வுக்குப் பின் 1,800 கட்ட வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதப் பென்ஷன் வரிக்கே போய்விடும். அப்புறம் மருந்துக்கு எங்கே போவார்? முன்கூட்டிக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்கிறார்கள். கையில் ரொக்கம் இருப்பவனுக்கல்லவா அந்த ஊக்கம்!

வயல் வேலை செய்யும் தோழர்கள் கேட்கலாம்: "எங்களுக்குப் பட்டாவே இல்லை. வீட்டுக்காரர் வழக்கு எங்களுக்கு எதற்கு?" தோழர்களே, வாடகை வாங்குகிற வீடு வேறு, குடியிருக்கிற வீடு வேறு. குடியிருக்கும் வீடு காசு ஈட்டாது. அது மூலதனம் அல்ல. மேலும், நகரம் விரிந்து கிராமத்தை விழுங்கும்போது நகரத்து வரியும் உங்கள் குடிசை வாசலுக்கு வரும். பட்டாவுக்கான போராட்டமும் இதுவும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

முடியாத காரியமா இது? டில்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள் தாம் வசிக்கும் ஒரே வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதத் தள்ளுபடி பெற்று வந்திருக்கிறார்கள். மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு வரி விலக்கு 2022இல் அறிவிக்கப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது கடந்தவர், வீடு கைமாறும் வரை வரியைத் தள்ளிப்போட வழி உண்டு. வட்டி சேரும், ஆனால் உயிரோடிருக்கும் வரை நெருக்கடி இல்லை.

வயதானவர் எல்லோருக்கும் சலுகை கேட்கவில்லை. பங்களாவில் இருக்கும் முதியவருக்கு எதற்குத் தள்ளுபடி? 60 வயது கடந்து, ஒரே வீட்டில் தாமே குடியிருந்து, பென்ஷனையோ கூலியையோ மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கேட்கிறோம். 600 சதுர அடி வரை முழு விலக்கு. அதற்கு மேல் 1,200 வரை பாதி வரி. வரி பாக்கிக்காக முதியோர் வீட்டுக் குடிதண்ணீரைத் துண்டிக்கக் கூடாது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் தண்ணீருக்குக் கையேந்துவதா?

நகராட்சிக்குப் பணம் வேண்டாமா? வேண்டும். துப்புரவுத் தோழர்களின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே இந்த இழப்பை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும். பெரிய வர்த்தகக் கட்டடங்களின் பாக்கியை முதலில் வசூலிக்க வேண்டும்.

வரி ரசீதையும் பென்ஷன் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். தெருத்தெருவாகப் பட்டியல் தயாரிப்போம். அந்தப் பட்டியலோடு நகராட்சி வாசலுக்குச் சேர்ந்தே போவோம். தனியாகப் போனால் அது மனு. சேர்ந்து போனால் அது கோரிக்கை!