முள் குத்திய இடத்தில் ஒரு சண்டை



வயலில் ஒருவர் காலில் முள் குத்துகிறது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கிறார். மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது. பிறகு சீழ் கட்டுகிறது. கெட்ட இரத்தம் சேர்ந்துவிட்டது என்பார்கள். அது கெட்ட இரத்தம் அல்ல. அங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது.

முள்ளோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. அவற்றை எதிர்ப்பவை இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள். ஒரு சொட்டு இரத்தத்தில் இவை லட்சக்கணக்கில் உண்டு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. காயம் பட்டதும் சில மணி நேரத்தில் வந்து கூடுகின்றன. இரத்தக் குழாயின் சுவரில் இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வருகின்றன. கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்குகின்றன. அங்கே இரத்தம் அதிகமாகப் பாய்வதால்தான் சிவப்பும் சூடும். சண்டையில் இந்த அணுக்கள் ஏராளமாகச் செத்துப்போகும். செத்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ். பின்னால் வேறு வகைப் பெரிய அணுக்கள் வந்து, கிடக்கும் குப்பையைத் தின்று சுத்தம் செய்கின்றன.

இதைக் கண்டு சொன்னவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882-ல் அவர் இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊரில் இருந்தார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வீட்டில் இருந்தார். நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பு கண்ணாடி போல இருக்கும். அதில் தோட்டத்து முள்ளைக் குத்தி வைத்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன! வெள்ளை அணுக்கள் கிருமியைப் பரப்புகின்றன என்றுகூட அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் நினைத்திருந்தார்கள். 1908-ல் மெச்னிகாஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவல் எல்லாவற்றுக்கும் போதாது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. அது கக்கும் விஷம் நரம்பைப் பிடிக்கும். அந்த விஷத்தை இந்த அணுக்களால் தடுக்க முடியாது. அதற்குத் தடுப்பூசிதான் வேண்டும். காயத்தில் சாணமோ மண்ணோ வைப்பது எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். சோப்புப் போட்டு, சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். சீழை நசுக்கிப் பிதுக்கக் கூடாது. சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருப்பவருக்கு இந்த அணுக்களின் வேகம் குறையும். அவர் காலில் சிறு புண் வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ரணஜன்னி ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.